வளைந்த சாக்கெட் பின்: பென்சிலா, ஊசியா, சர்வீஸ் கடையா?

பிராசசர் கை நழுவி, மதர்போர்டில் அது உட்காரும் சாக்கெட்டில் விழுந்து நாலைந்து பின் சாய்ந்துவிட்டது என்று சொல்லிப் பாருங்கள். "மெக்கானிக்கல் பென்சிலை எடுத்து நிமிர்த்திடுங்க" என்று உடனே பதில் வரும். பாதிப் பேருக்கு அது நல்ல யோசனை. மீதிப் பேருக்கு, பிழைக்க வேண்டிய போர்டையும் கெடுக்கிற யோசனை. பின் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது அது.

ஏஎம்டியின் ஏஎம்4 வகையில் 1331 பின்களும் பிராசசரின் அடியில் இருக்கும். சாக்கெட்டில் வெறும் துளைகள்தான். இன்டெல் டெஸ்க்டாப்பில் 2004-இல் வந்த எல்ஜிஏ 775 என்ற சாக்கெட் முதல் பின்கள் போர்டுக்குப் போய்விட்டன. 2022-இல் ஏஎம்5 மூலம் ஏஎம்டியும் அதே வழிக்கு வந்தது. அதில் 1718 பின்கள்.

ஏஎம்4 பிராசசரில் பின் நேராக நிற்கும் சின்னக் கம்பி. 0.5 மி.மீ. பென்சிலில் இருந்து லெட்டை எடுத்துவிட்டு, வெறும் முனைக்குழாயைப் பின்மேல் செருகி மெல்லத் தூக்கினால் நிமிர்ந்துவிடும். ஒரு வரிசையே சாய்ந்திருந்தால் மெல்லிய பிளேடையோ அட்டையையோ வரிசைகளுக்கு நடுவே விட்டு நகர்த்தலாம். இங்கே பென்சிலுக்குப் போட்டியே இல்லை.

சாக்கெட் பின் அப்படியல்ல. அது கம்பியே இல்லை, ஸ்பிரிங். அடியிலிருந்து சாய்வாக எழும்பி, நுனியில் லேசாக வளைந்திருக்கும். மேலே பிராசசர் வந்து அழுத்தும்போது அமுங்கிக்கொடுத்து, அந்த நுனியால் பிராசசரின் அடியிலுள்ள தங்கப் புள்ளியைத் தொட வேண்டும். பென்சில் குழாயை மாட்டி அதை நட்டுக்குத்தாக நிமிர்த்தினால் பார்க்க ஒழுங்காகத் தெரியும். பிராசசரை அழுத்திப் பிடிக்கிற லீவரை மூடியதும் கோணல் மாணலாக மடங்கும். இன்டெலின் எல்ஜிஏ 1700 சாக்கெட்டில் பக்கத்துப் பின் ஒரு மில்லிமீட்டர்கூடத் தள்ளி இல்லை. குழாயின் தடிமனே அதையும் இடிக்கும். ஆகவே சாக்கெட்டுக்குப் பென்சில் வேண்டாம் என்பதே என் கட்சி.

அங்கே ஊசிதான். மெல்லிய தையல் ஊசியைப் பழைய பேனா உடம்பில் ஒட்டிக்கொண்டால் பிடி கிடைக்கும். பின்னின் வளைவுக்கு அடியில் ஊசி நுனியைக் கொடுத்து, மற்ற பின்கள் சாய்ந்திருக்கிற அதே கோணத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நெம்ப வேண்டும். ட்வீசர் எனக்கு இரண்டாம் பட்சம்தான். முழுக்க மடிந்து படுத்துவிட்ட பின்னைத் தூக்க அது உதவும். மற்றபடி பிடிக்கிற வேகத்தில் நுனியை முறுக்கிவிடும். எதை எடுத்தாலும் முன்னும் பின்னுமாக ஆட்டக் கூடாது. இரண்டு மூன்று முறை மடங்கி நிமிர்ந்தாலே உலோகம் களைத்து ஒடிந்துவிடும்.

கருவியைவிடப் பெரிய விஷயம் கண்ணுக்குத் தெரிவது. மேலிருந்து விளக்கடித்தால் எல்லாமே மின்னும், ஒன்றும் புரியாது. டார்ச்சைத் தாழ்வாகப் பக்கவாட்டில் பிடியுங்கள். நுனிகள் ஒரே சீரான புள்ளி வரிசைகளாக ஒளிரும். வரிசையிலிருந்து விலகி மின்னுகிற புள்ளிதான் ஆள். போனில் ஜூம் செய்து இப்படியும் அப்படியும் இரண்டு திசையிலும் படமெடுத்துப் பாருங்கள். ஒரு பக்கத்தில் நேராகத் தெரிவது இன்னொரு பக்கத்தில் கோணலாக இருக்கும்.

சரி, கடைக்கு எப்போது போவது? பத்துப் பின்னுக்கு மேல் அடிபட்டிருந்தால், ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருந்தால், இல்லை உங்கள் கை நடுங்குமென்றால். சிப் லெவல் சர்வீஸ், அதாவது போர்டிலுள்ள சின்னச் சின்னப் பாகங்களையே பழுதுபார்க்கிற இடமாகப் பார்க்க வேண்டும். சென்னை என்றால் ரிச்சி தெருப் பக்கம் விசாரிக்கலாம். மைக்ரோஸ்கோப் இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. இல்லையென்றால் நீங்கள் வீட்டில் செய்வதையேதான் அவர்களும் செய்வார்கள், காசு வாங்கிக்கொண்டு. வாரண்டியை நம்பி உட்கார வேண்டாம். வளைந்த பின்னைப் பொதுவாக வாடிக்கையாளர் செய்த சேதமாகவே கணக்கு வைப்பார்கள். புது போர்டுப் பெட்டியைத் திறந்ததும் சாக்கெட்டை ஒரு படம் எடுத்து வைப்பது அதற்காகத்தான்.

பின் ஒடிந்தே போனால் கதை வேறு. சாக்கெட் பின்களில் நிறைய வெறும் கிரவுண்டும் பவரும்தான். அதில் ஒன்று போனால் பெரும்பாலும் போர்டு ஓடிவிடும். ரேமுக்குப் போகிற பின் என்றால் ஒரு சேனலே, அதாவது ஒரு ஜோடி ரேம் ஸ்லாட்டுக்கான பாதையே, காணாமல் போகலாம்; கிராஃபிக்ஸ் கார்டுக்குப் போவதென்றால் தரவு ஓடும் லேன்கள் குறையலாம். அந்த சாக்கெட்டின் பின் வரைபடத்தை வைத்து எது ஒடிந்தது என்று பார்த்த பிறகு முடிவெடுங்கள். இரண்டு ரேம் ஸ்லாட்டோடு நிம்மதியாக ஓடுகிற கணினிகள் உண்டு.

சாக்கெட்டையே மாற்றுவதும் ஒரு வழி. அடியிலுள்ள ஏராளமான சால்டர் குண்டுகளை ரீவொர்க் ஸ்டேஷன் என்ற சூடேற்றும் கருவியில் உருக்கிக் கழற்றிப் புதிதைப் பதிக்க வேண்டும். சூடு கொஞ்சம் தவறினால் போர்டே வளைந்துவிடும். விலை உயர்ந்த போர்டுக்கு மட்டும் யோசிக்கலாம். அடிமட்ட விலைப் போர்டென்றால் அந்தக் கூலியைப் புதுப் போர்டில் போட்டுவிடுங்கள்.

நிமிர்த்தி முடித்தபின் எல்லா ரேமையும் ஒரேயடியாகச் செருகாதீர்கள். ஒரே ஒரு ரேமை ஒவ்வொரு ஸ்லாட்டாக மாற்றி மாற்றிப் போட்டு, கணினி கிளம்பும்போது முதலில் வரும் பயாஸ் திரை வருகிறதா என்று பாருங்கள். ஒரு பக்கத்து ஸ்லாட்டுகள் மட்டும் அடம்பிடித்தால், அந்த சேனலுக்கான பின்கள் இருக்கிற மூலையில் இன்னொரு தடவை டார்ச் அடிக்க வேண்டும்.