அரசு ஆஸ்பத்திரிக்கு மருந்து: யார் வாங்கினால் நல்லது?

அரசு ஆஸ்பத்திரிக்குப் பாராசிட்டமால் வேண்டும். யார் வாங்குவது? ஆஸ்பத்திரியே உள்ளூரில் வாங்கிக்கொள்ளலாம். அல்லது மேலே ஓர் அலுவலகம் விலையை மட்டும் பேசி முடிக்க, அந்த விலைக்கு அவரவர் ஆர்டர் போடலாம். இதற்கு ரேட் கான்ட்ராக்ட் என்று பெயர். மூன்றாவது வழியில் மாநிலம் முழுவதற்கும் ஒரே இடம் மொத்தமாக வாங்கி, சோதித்து, மாவட்டக் கிடங்குகளில் வைத்துக் கொடுக்கும். இதைச் செய்வது நம் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். 1994-இல் பதிவாகி, 1995 ஜனவரியில் வேலையைத் தொடங்கியது. 2016-இல், அரசு அலுவலகங்கள் பொருள் வாங்குவதற்கான மத்திய அரசின் ஜெம் இணையச் சந்தையும் வந்து சேர்ந்தது.

இவற்றை ஒப்பிடும்போது எல்லோரும் விலைப்பட்டியலைத்தான் முதலில் எடுக்கிறார்கள். என் பார்வையில் விலை கடைசியில் வருவது. பணம் எப்போது கைக்கு வரும், சரக்கு எவ்வளவு போகும் என்று விற்பவருக்குத் தெரிந்தால் விலை தானாக இறங்கும்.

உள்ளூர்க் கொள்முதலை நீட்டி முழக்க வேண்டியதில்லை. அவசரத்துக்கு உதவும். சில்லறை அளவில் வாங்குவதால் விலை அதிகம். அந்த பேட்ச் தரமானதா என்று சோதிக்க ஆஸ்பத்திரியிடம் வசதியும் கிடையாது.

ரேட் கான்ட்ராக்ட் மேலோட்டமாகப் பார்த்தால் நல்ல ஏற்பாடு. மத்திய அரசின் வழங்கல் துறை பல பொருட்களுக்குப் பல காலம் இப்படித்தான் ஒப்பந்தம் போட்டுவந்தது. ஜெம் வந்த பிறகு, 2017 அக்டோபர் 31-இல் அந்தத் துறையையே மூடிவிட்டார்கள். இந்த முறையின் சிக்கல் விற்பவர் பக்கமிருந்து பார்த்தால்தான் புரியும். விலை எழுதிக் கொடுத்தாயிற்று. எத்தனை லட்சம் மாத்திரை போகும் என்பது தெரியாது. ஆர்டர் நூறு இடத்திலிருந்து வரும். பில்லும் நூறு இடத்தில் போட வேண்டும். ஒரு மாவட்டத்தில் பட்ஜெட் தீர்ந்திருக்கும், இன்னொன்றில் கிளார்க் லீவு. இந்த அலைச்சலுக்கும் காத்திருப்புக்குமான வட்டியை அவர் முதல் நாளே விலையில் ஏற்றிவிடுவார். ஏற்றாவிட்டால் பாதியில் சப்ளையை நிறுத்துவார்.

கழகம் இந்த முடிச்சில்தான் கை வைத்தது. முதலில் மருந்துப் பட்டியலைச் சுருக்கினார்கள். ஒரே மருந்தைப் பத்து வணிகப் பெயரில் வாங்காமல் ஜெனரிக் பெயரில் டெண்டர். இரண்டு உறை: தொழில்நுட்ப உறையில் தேறினால்தான் விலை உறையைப் பிரிப்பார்கள். ஏஜென்டுகளுக்கு இடமில்லை, தயாரிப்பாளர் நேரடியாக வர வேண்டும். எல்1 எனப்படும் மிகக் குறைந்த விலைக்கு இறங்கி வந்தால் அடுத்த நிறுவனத்துக்கும் ஒரு பங்கு உண்டு; ஒருவர் கைவிட்டால் இன்னொருவர் இருப்பார். தமிழ்நாட்டின் டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் கழகத்துக்குப் பிறகு, 1998-இல்தான் வந்தது என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்.

சரக்கு கிடங்குக்கு வந்ததும் மாதிரி எடுத்து, கம்பெனிப் பெயரை மறைத்து, வெறும் குறியீட்டு எண்ணோடு ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். தேறினால்தான் வெளியே போகும். தேறாத நிறுவனம் கறுப்புப் பட்டியல்வரை போகலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது பாஸ்புக். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு புத்தகம். வருடத் தொகை அதில் வரவு, எடுக்கும் மருந்தின் மதிப்பு பற்று. காசு கைமாறுவதில்லை. ஆனால் என்ன மருந்து, எவ்வளவு என்ற முடிவு ஆஸ்பத்திரியிடமே இருக்கிறது. மேலிருந்து தலைக்கு இவ்வளவு என்று பங்கு பிரித்துத் தள்ளினால் ஓரிடத்தில் காலாவதியாகும், இன்னோரிடத்தில் தட்டுப்பாடு வரும். கிடங்குக் கணக்கு கணினியில் ஏறியதால் எந்த மாவட்டத்தில் எது தீரப்போகிறது என்று சென்னையில் உட்கார்ந்தே பார்க்க முடிந்தது. அடுத்த டெண்டருக்கான அளவும் இந்தப் பாஸ்புக் கணக்கிலிருந்துதான் வரும். சாஃப்ட்வேரை முதலில் வாங்கிவிட்டு அப்புறம் அதற்கு வேலை தேடும் துறைகள் இதைப் பார்க்கலாம். கேரளம் 2008-லும் ராஜஸ்தான் 2011-லும் இதே வழியில் தங்கள் கழகங்களை நடத்தத் தொடங்கின.

ஜெம்? நாற்காலி, பிரிண்டர், ஏர்கண்டிஷனருக்குத் தாராளமாகப் போகலாம். பல விற்பனையாளர், விற்பவர்கள் போட்டி போட்டு விலையைக் குறைக்கும் தலைகீழ் ஏலம், நேரில் யாரையும் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. மருந்துக்கு எனக்கு மனம் ஒப்பவில்லை. தலைகீழ் ஏலம் விலையைக் குறைத்துத் தரும். வந்த பேட்ச்சைச் சோதித்துத் தராது. அதற்குத் தனியாக ஆள், ஆய்வகம், கிடங்கு எல்லாம் வேண்டும். அதையெல்லாம் வைத்தால் மறுபடி ஒரு கழகம்தான்.

மொத்தக் கொள்முதலிலும் ஓட்டை இருக்கிறது, சிறியதல்ல. ஒரு டெண்டர் இழுத்தடித்தால் ஓர் ஆஸ்பத்திரி அல்ல, மாநிலமே அந்த மருந்துக்குக் காத்திருக்கும். மூலப்பொருள் விலை ஏறிய வருடம் பழைய விலைக்குக் கொடுக்க ஆள் வராது. அரிய நோய்களுக்கான மருந்து, அளவு குறைவு என்பதால், பெரிய நிறுவனங்களின் கண்ணிலேயே படாது. 2021 கொரோனா அலையில் ரெம்டெசிவிரைக் கழகமே சென்னை கீழ்ப்பாக்கத்தில் கவுன்டர் போட்டு விற்றது. வரிசை தாங்காமல் நேரு விளையாட்டரங்கத்துக்கு மாற்றினார்கள். சில நாளில் அதையும் நிறுத்தி, தனியார் ஆஸ்பத்திரிகள் இணையத்தில் கேட்டால் நேரடியாக ஒதுக்குவது என்று முடிவானது. ஆஸ்பத்திரிகளிடமிருந்து தேவையை வாங்கிப் பழகிய அமைப்பு, நோயாளியின் அண்ணன் தம்பியை நேராக வரிசையில் நிறுத்தியது ஏன் என்று எனக்கு இன்றும் புரியவில்லை. கணக்கு எங்கே இருக்கிறதோ அங்கிருந்து தொடங்கியிருக்க வேண்டும்.

இந்த ஓட்டைக்காகத்தான் பட்ஜெட்டில் சுமார் 10 சதவீதத்தை உள்ளூர்க் கொள்முதலுக்கு விட்டுவைத்தார்கள். தணிக்கைக்குப் பயந்து அதைத் தொடாமல் வைத்திருந்து, நோயாளியிடம் வெளியே வாங்கிக்கொள்ளச் சொல்லிச் சீட்டு எழுதினால், அந்தக் குறையை டெண்டர் முறையின் கணக்கில் சேர்க்க முடியாது.