மாத்திரை மறுநாளே கிடைத்தது, டெஸ்ட்தான் இழுத்தது: திருச்சியில் ஒரு சி.எம்.எல். நோயாளி

நான் இருப்பது பிரிட்டனில். சி.எம்.எல். என்ற நாள்பட்ட ரத்தப் புற்றுநோய்க்கு வருடக்கணக்காக இமாடினிப் சாப்பிட்டு வருகிறேன். தினம் ஒரு 400 மில்லிகிராம் மாத்திரை, சாப்பாட்டோடு, ஒரு பெரிய டம்ளர் தண்ணீருடன். மற்றபடி வேலைக்குப் போகிறேன், வண்டி ஓட்டுகிறேன். இந்த முறை ஊருக்கு வந்தபோது அம்மாவின் இடுப்பு அறுவை சிகிச்சை தள்ளிப்போய், நான் திரும்புவதும் தள்ளிப்போனது. கையில் இருந்த மாத்திரை அதுவரை வராது. நோய் எவ்வளவு மிச்சம் என்று பார்க்க மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் பி.சி.ஆர். (PCR) ரத்த டெஸ்டும் அந்தச் சமயத்தில்தான் வந்தது. இரண்டையும் திருச்சியிலேயே முடித்தேன். இதே மாதிரி மருந்தோடு ஊருக்கு வருகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

மாத்திரை கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், அது சின்னது. வெளிநாட்டுச் சீட்டைக் காட்டினால் எந்த ஒழுங்கான கடையும் தராது, தரவும் கூடாது. உள்ளூரில் பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டு வேண்டும். தில்லைநகர்ப் பக்கம் ரத்தநோய் நிபுணர் ஒருவரிடம் டோக்கன் போட்டுப் போனேன். காத்திருந்த எல்லோர் மடியிலும் பிளாஸ்டிக் பையில் அவரவர் ஃபைல். பிரிட்டனில் ஃபைல் ஆஸ்பத்திரியில் தூங்கும். நம் ஊரில் நோயாளியே சுமக்கிறார். எனக்கு இந்த முறைதான் பிடித்திருக்கிறது. டாக்டர் பழைய ரிப்போர்ட்டுகளைக் கேட்டபோது நான் போனில் தேடிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த கரூர் அண்ணன் தன் பையிலிருந்து நோய் தெரிந்தபோது எடுத்த எலும்பு மஜ்ஜை ரிப்போர்ட் வரை வரிசையாக உருவினார். அவருக்கு அரசு மருத்துவமனையில் இதே மாத்திரை இலவசமாகக் கிடைக்கிறதாம். இரண்டாவது கருத்துக்காக வந்திருந்தார்.

சாதாரண மெடிக்கல் ஷாப்பில் இமாடினிப் வைத்திருப்பதில்லை. புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு எதிரில் இருக்கும் கடைகளில் இருக்கும், இல்லையென்றால் ஏஜென்சிக்குப் போன் போட்டு மறுநாள் வரவழைப்பார்கள். எனக்கு மறுநாள் வந்தது. கடைக்காரர் பில்லில் டாக்டர் பெயர், பேட்ச் எண், காலாவதித் தேதி எல்லாம் எழுதிவிட்டு, "அட்டையில இருக்கிற ரேட்டைப் பார்த்து பயந்துடாதீங்க அக்கா" என்று சொல்லிக் கணிசமாகக் குறைத்தார். ஒரு மாதத்துக்குச் சில ஆயிரம் ரூபாய்தான் ஆனது. பில்லைக் கேட்டு வாங்குங்கள், பேட்ச் எண் முக்கியம். ஒரே கம்பெனி மாத்திரையையே தொடரச் சொன்னார் டாக்டர்.

இந்த விலைக்குப் பின்னால் சென்னைக்கும் பங்கு உண்டு. சுவிஸ் நிறுவனமான நோவார்ட்டிஸ் இந்த மருந்தின் ஒரு குறிப்பிட்ட படிக வடிவத்துக்குக் காப்புரிமை கேட்டது. சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006 ஜனவரியில் மறுத்தது. தெரிந்த பொருளின் புது வடிவம் என்றால் குணப்படுத்தும் திறன் கூடியிருக்க வேண்டும் என்கிறது காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவு. வழக்கு சுற்றிச் சுற்றி உச்ச நீதிமன்றம் போய், 2013 ஏப்ரல் 1 அன்று நிறுவனம் தோற்றது. அதனால் உள்ளூர்க் கம்பெனிகளும் தொடர்ந்து தயாரிக்க முடிந்தது. அப்போது அவர்களுடைய மாத்திரை மாதம் சுமார் 1,20,000 ரூபாய், உள்ளூர்க் கம்பெனிகளுடையது 8,000 முதல் 10,000. இப்போது இமாடினிப் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பதால் உச்சவிலையை அரசே நிர்ணயிக்கிறது.

சரி, டெஸ்டுக்கு வருவோம். சி.எம்.எல்.லில் 9, 22 ஆகிய இரு குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்வதால் பி.சி.ஆர்.-ஏ.பி.எல். (BCR-ABL) என்ற தவறான மரபணு உருவாகிறது. டெஸ்டின் பெயரில் வரும் பி.சி.ஆர். வேறு. அது ரத்தத்தில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை அளப்பதுதான் இந்த டெஸ்ட். ஒரு பெரிய லேபின் கிளைக்குப் போன் செய்தேன். காலை ஆறரைக்கு ஐஸ் பெட்டியோடு ஒரு தம்பி ஸ்கூட்டரில் வந்துவிட்டார், அந்த விஷயத்தில் குறையே இல்லை. சீட்டைப் பார்த்துவிட்டு, "மேடம், பி.சி.ஆர்.னா மூக்குல இல்ல எடுக்கணும்?" என்றார். கொரோனா விட்டுப்போன சொத்து. ஊதா மூடிக் குழாய்களில் ரத்தம்தான் வேண்டும் என்று விளக்கி, ஆபீசுக்குப் போன் போட்டு உறுதி செய்துகொண்ட பிறகே ஊசியை எடுத்தார். கேட்டு உறுதி செய்துகொண்டது நல்ல பழக்கம்.

சிக்கல் அதற்கப்புறம். இந்த டெஸ்ட் உள்ளூரில் செய்வதில்லை, வேறு மாநிலத்தில் இருக்கும் தலைமை லேபுக்குப் போகிறது. டெஸ்ட் அளப்பது ஆர்.என்.ஏ.வை, அதாவது மரபணுவிலிருந்து செல் எடுக்கும் நகலை; அது சீக்கிரம் சிதையும், ரத்தம் ஓரிரு நாளில் போய்ச் சேர வேண்டும். நான் கொடுத்தது வெள்ளிக்கிழமை, நடுவில் வார இறுதி. கிளையில் அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. மாதிரி கெட்டுவிட்டது, மறுபடி எடுக்க வேண்டும் என்று செவ்வாயன்று குறுஞ்செய்தி வந்தது. திங்கள் காலை எடுத்திருந்தால் ஒரு வாரம் மிச்சம்.

இரண்டாம் முறை எடுத்த ரத்தத்தின் ரிப்போர்ட்டில் ஏதோ ஒரு சதவீதக் கணக்கு இருந்தது. ஆனால் அது சர்வதேச அளவுகோல்படி, அதாவது லேபுக்கு லேப் மாறாமல் ஒப்பிட வைத்திருக்கும் பொது அளவுப்படி, கணக்கிட்டதா என்று எங்குமே எழுதவில்லை. அது இல்லாமல் அந்த எண்ணை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. அந்த அளவுகோலில் 0.1 சதவீதம் அல்லது அதற்குக் கீழே இருந்தால்தான் மருந்து நன்றாகக் கேட்கிறது என்று டாக்டர்கள் நிம்மதியாவார்கள். வாடிக்கையாளர் சேவையில் பேசியவர்களுக்குக் கேள்வியே புரியவில்லை. "ரிப்போர்ட் நார்மல் மேடம்" என்று ஒரு பெண் ஆறுதல் வேறு சொன்னார். கடைசியில் டாக்டரே லேபின் நோயியல் மருத்துவரிடம் நேரடியாகப் பேசினார், திருத்திய ரிப்போர்ட் மறுநாள் மெயிலில் வந்தது. பணம் கட்டும் முன்பே "சர்வதேச அளவுகோலில் தருவீர்களா?" என்று எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

வீட்டில் நடந்ததையும் ஒரு வரி சொல்ல வேண்டும். சினிமாவில் ரத்தப் புற்றுநோய் என்றால் கதாநாயகி இருமி ரத்தம் கக்கிப் போய்விடுவாள். அதனால் நான் பிரியாணி சாப்பிடுவதைப் பெரியம்மா நம்பாமல் பார்த்தார். ஒரு உறவினர் மூலிகைப் பொடி கொண்டுவந்தார். டாக்டர் கறாராக மறுத்துவிட்டார்: கல்லீரலில் இந்த மருந்து உடையும் பாதையில் எது குறுக்கிட்டாலும் ரத்தத்தில் அதன் அளவு ஏறும், இல்லை இறங்கும். கொசு கடிக்கிற ஊர் என்பதால் காய்ச்சல் வந்தால் உடனே ரத்த அணுக்களை எண்ணச் சொன்னார். ரத்தம் உறைய உதவும் தட்டணுவை இமாடினிப்பும் குறைக்கக்கூடும், டெங்குவும் குறைக்கும், எது காரணம் என்று தெரியாமல் மாத்திரையை நாமாக நிறுத்திவிடக் கூடாது.

திரும்பி வந்து இங்கே என் ஆஸ்பத்திரியில் திருத்திய ரிப்போர்ட்டைக் கொடுத்தேன். ஃபைலில் சேர்த்துக்கொண்டார்கள், ஆனாலும் தங்கள் லேபில் ஒருமுறை எடுக்கச் சொன்னார்கள். சர்வதேச அளவுகோலில் இருந்தாலும், இரண்டு லேபின் எண்களை ஒரே கோட்டில் வைத்து ஏறியதா இறங்கியதா என்று பார்ப்பது சரியில்லையாம். அதன் முடிவு அடுத்த வாரம் வரும்.