கிடையா, பரணா? ஆட்டு எருவிலிருந்து ஒரு கணக்கு

நெல்லைப் பக்கம் ஆடு வளர்க்க இன்று இரண்டு வழி. பகலில் மேய்த்து, ராத்திரி வயலில் வலை கட்டி அடைத்துக் கிடை போடுவது ஒன்று. நிலமே இல்லாமல் உயரத்தில் பலகைப் பரண் கட்டி ஆட்டை அதிலேயே அடைத்து, தீவனத்தை முழுக்க விலைக்கு வாங்கிப் போடுவது இன்னொன்று. எது லாபம் என்று ஆளாளுக்குக் கணக்குப் போட்டாயிற்று. மண்ணுக்கும் காற்றுக்கும் எது கேடு என்பது வேறு கணக்கு.

ஆடு தின்னும் தழைச்சத்தில், அதாவது நைட்ரஜனில், பெரும்பங்கு புழுக்கையாகவும் மூத்திரமாகவும் வெளியே வந்துவிடும். பிசான நெல் அறுத்த வயலில் கிடை போட்டால் அது விழ வேண்டிய இடத்திலேயே விழுகிறது. தாளுக்கு நடுவே புழுக்கை, மூத்திரம் நேரே மண்ணுக்குள். அப்புறம் வலையைப் பக்கத்து வயலுக்கு நகர்த்துவார்கள். வயல்காரர் அதற்குக் கூலியும் கொடுப்பார். ‘ஆட்டெரு அந்த வருஷம், மாட்டெரு மறுவருஷம்’ என்று சும்மாவா சொன்னார்கள்?

பரணில் இரண்டும் பலகை இடுக்கு வழியே விழுந்து, கீழே ஒன்றாக ஊறுகின்றன. மூத்திரத்தின் யூரியா அம்மோனியாவாக மாறிவிடும். பரணுக்கு அடியில் குனிந்து எரு அள்ளியவர்களுக்குத் தெரியும், கண் எரியும். அந்த நெடியாகப் பறப்பது காசு கொடுத்து வாங்கிய சத்துதான். குவியலிலிருந்து நைட்ரஸ் ஆக்சைடும் கிளம்பும்; நூறு வருஷக் கணக்கில் அது கரியமில வாயுவைப் போல 273 மடங்கு சூடேற்றக்கூடியது. ஐப்பசி மழையில் குவியல் கரைந்து ஓடைக்குப் போனால் பாசியும் ஆகாயத்தாமரையும் கொழிக்கும்.

தீவனத்தையும் பார்க்க வேண்டும். சோயாப் புண்ணாக்கு வாங்கினால் மத்தியப் பிரதேசத்து மண்ணோ மகாராஷ்டிரத்து மண்ணோ லாரியேறி வருகிறது என்று அர்த்தம். எருவாக அது திரும்பிப் போகப் போவதில்லை. அங்கே மண் வற்றுகிறது, இங்கே எரு தேங்குகிறது.

சரி, கிடை மட்டும் யோக்கியமா? சூடேற்றும் இன்னொரு வாயுவான மீத்தேனில் பரண்தான் ஜெயிக்கும். காய்ந்த புல்லை மேய்ந்து மெதுவாக எடை ஏறும் ஆடு, கிலோ கறிக்கு விடும் மீத்தேன் அதிகம். இன்னொன்று, சீமைக் கருவேலம். நெற்றைத் தின்ற ஆடு விதையில் கொஞ்சத்தை முழுசாகவே புழுக்கையில் போட்டுவிட்டு நடக்கும். குளத்துக்குள் அது முளைத்தால் என்ன ஆகும் என்று நெல்லைப் பக்கத்து மானூர்க்காரர்களிடம் சொல்ல வேண்டியதில்லை.

நிலமில்லாத மாட்டுப் பண்ணை இன்னும் மோசம். கழுவி விட்ட சாணித் தண்ணீர் குழியில் காற்றில்லாமல் கிடந்து மீத்தேனாகும். சாண எரிவாயுக் கலன் இருந்தால் அதுவே அடுப்புக்கு ஆகும், ஆனால் கலனிலிருந்து வரும் கழிவைக் கொட்டவும் வயல் வேண்டுமே.

என்னைக் கேட்டால் பரணே தப்பில்லை. பக்கத்தில் அரை ஏக்கரில் தீவனத்துக்குக் கோ-4 புல்லும் வேலிமசாலும் போட்டு, எருவை அதிலேயே திருப்பிப் போடுகிறவரிடம் நான் சண்டைக்குப் போக மாட்டேன். நிலமில்லாதவர் கொட்டகைக்குக் கடன் வாங்கும் முன்பே, எருவை எடுத்துக்கொள்ள ஒரு வாழைத்தோட்டக்காரரைப் பேசி வைத்துக்கொள்ளட்டும்.