ஐயாயிரம் ஆங்கிலச் சொற்கள், 1,800 வெள்ளி: எஸ்ஏடி வகுப்பில் சேர்ப்பதற்கு முன் படியுங்கள்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கப் பிள்ளையை எஸ்ஏடி தேர்வுக்குத் தயார்ப்படுத்தும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். "சொல்வள முகாம்" என்று விளம்பரம் செய்யும் ஒரு சிங்கப்பூர்த் துணைப்பாட நிலையத்தில் என் மகளுக்காக 1,800 வெள்ளி கட்டினோம். இன்று நடைமுறையில் இல்லாத தேர்வுக்கு அங்கே பயிற்சி கொடுத்தார்கள். நிலையத்தின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. இது ஒரே இடத்தோடு நிற்கும் வியாபாரம் இல்லை; எப்படி ஏமாற்றுகிறார்கள் என்று தெரிந்தால் யாரிடமும் சிக்காமல் இருக்கலாம்.

சேர்க்கைக்குப் போனபோது முகப்பில் இருந்தவர் தமிழ்ப் பெண். "அக்கா, எஸ்ஏடியில் நம் பிள்ளைகள் அடிவாங்குவதே ஆங்கிலச் சொற்களில்தான். ஐயாயிரம் சொற்களை நாங்கள் மனப்பாடம் செய்ய வைத்துவிடுவோம். 1,500 மதிப்பெண் உறுதி, இல்லையென்றால் பணம் வாபஸ்" என்றார். கல்வி அமைச்சில் பதிவு பெற்ற நிலையம் என்ற பலகையையும் கை நீட்டிக் காட்டினார். அந்தப் பலகையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் மாணவர்களுக்குப் பாடம் நடத்தும் தனியார் நிலையம் அமைச்சில் பதிவு செய்தே ஆக வேண்டும், அது சட்டம். பாடத்தின் தரத்துக்கு அமைச்சு கொடுத்த சான்றிதழ் அது இல்லை. சான்றிதழ் போலக் காட்டி விற்பது பெற்றோரின் நம்பிக்கையோடு விளையாடுவது.

வகுப்பில் கொடுத்த புத்தகம் இப்போதும் என் மேசையில் இருக்கிறது. கறுப்பு வெள்ளை நகல், சுருள் கம்பி போட்டுக் கட்டியது. பல பக்கங்களில் வலது ஓரம் வெட்டுப்பட்டு வரிகளின் கடைசி எழுத்துகள் காணாமல் போயிருக்கின்றன. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பழைய பக்க எண் மங்கலாகத் தெரிகிறது, அதன் மேலேயே புதிய எண்ணை அடித்திருக்கிறார்கள். உள்ளே அகர வரிசையில் சொல், அதற்கு ஒரு வரிப் பொருள், அவ்வளவுதான். ஒரு சொல்லுக்குக்கூட எடுத்துக்காட்டு வாக்கியம் இல்லை. வாரந்தோறும் தேர்வு வைத்து, தவறிய சொற்களைப் பத்து முறை எழுத வைத்தார்கள். தொடக்கக் கல்லூரி முதலாண்டில் எச்2 நிலை (ஏ-லெவல் தேர்வுக்கான முழுப்பாடம்) வேதியியலோடு போராடிக்கொண்டிருந்த பெண், ஞாயிற்றுக்கிழமை இரவு பதினொரு மணிக்கு உட்கார்ந்து இம்போசிஷன் எழுதினாள்.

ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் பயிற்சிக் கேள்விகள் இருந்தன. மருத்துவருக்கு மருத்துவமனை எப்படியோ, நீதிபதிக்கு எது என்ற வகை. இந்த ஒப்புமைக் கேள்விகளை எஸ்ஏடியிலிருந்து 2005-லேயே நீக்கிவிட்டார்கள். என் மகள் அப்போது பிறக்கவே இல்லை. புத்தகத்தின் பின்பகுதியில் எதிர்ச்சொல் கேள்விகளும் இருந்தன. அவை போனது அதற்கும் முன்னால், 1994-இல். தனி வாக்கியத்தில் அரிய சொற்களைப் போட்டு நிரப்பும் பழைய கேள்வி 2016 மார்ச்சில் போயிற்று. ஆக, எந்தக் காலத்திலோ அச்சான புத்தகத்தை நகலெடுத்து, மேலட்டையை மட்டும் மாற்றி, 1,800 வெள்ளிக்கு விற்றிருக்கிறார்கள்.

விஷயம் வெளியே வந்தது மகளால்தான். பள்ளி விடுமுறையில், எஸ்ஏடியை நடத்தும் காலேஜ் போர்டின் புளூபுக் செயலியைக் கணினியில் இறக்கி, அதிலுள்ள முழு மாதிரித் தேர்வை எழுதிப் பார்த்தாள். முடித்துவிட்டு வந்து, "அம்மா, அவர்கள் சொல்லிக்கொடுத்த மாதிரி ஒரு கேள்விகூட இதில் இல்லை" என்றாள். அந்த மாதிரித் தேர்வுகள் இலவசம் என்பதை அந்த நிலையத்தில் ஒருவர்கூட எங்களிடம் சொன்னதில்லை.

அமெரிக்காவுக்கு வெளியே 2023 மார்ச் முதல் எஸ்ஏடி முழுக்கக் கணினித் தேர்வு. வாசிப்பும் எழுத்தும் சேர்ந்த பிரிவில் இரண்டு பகுதிகள். ஒவ்வொன்றிலும் 27 கேள்விகள், 32 நிமிடம். முதல் பகுதியில் பிள்ளை எப்படிச் செய்கிறது என்பதைப் பொறுத்து இரண்டாவதன் கடினம் மாறும். கேள்விக்கு ஒரு சிறு பத்தி, நீளம் அதிகம் போனால் 150 சொற்கள். சொல்வளக் கேள்வி இன்றும் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது கேட்பது வேறு. ஒரு விஞ்ஞானி புதிய சான்று ஒன்றைக் கண்டதாகவும், முன்பு எல்லாரும் ஏற்ற கருத்தோடு அது பொருந்தவில்லை என்றும் பத்தி சொல்லும். அந்தச் சான்று பழைய கருத்தை என்ன செய்கிறது என்ற இடம் காலியாக இருக்கும்: வலுப்படுத்துகிறதா, மறைக்கிறதா, கேள்விக்குள்ளாக்குகிறதா, முன்கூட்டியே கணிக்கிறதா? நான்கு சொற்களும் பெரும்பாலும் பிள்ளைக்குத் தெரிந்தவையாகவே இருக்கும். பத்தியின் வாதம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பிடிக்கத் தெரிந்தால்தான் விடை கிடைக்கும். பட்டியலை உருப்போட்டவன் இங்கே தடுமாறுவான். தொடக்கக் கல்லூரியின் பொதுத்தாள் (ஜெனரல் பேப்பர்) பாடத்துக்காகக் கட்டுரைகளை ஊன்றிப் படிக்கும் பிள்ளைக்கு இது கைவரும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது அந்தப் பெண்ணின் பேச்சே மாறிவிட்டது. நாங்கள் கையெழுத்திட்ட படிவத்தின் பின்பக்கத்தைக் காட்டினார். ஒரு வகுப்புகூடத் தவறியிருக்கக் கூடாது. வாரத் தேர்வு எல்லாவற்றிலும் 90 விழுக்காடு எடுத்திருக்க வேண்டும். உண்மையான எஸ்ஏடியைச் சொந்தச் செலவில் இரண்டு முறை எழுதியிருக்க வேண்டும். இத்தனையும் இருந்தால்தான் வாபஸ் கேட்கவே முடியும். சேர்க்கும்போது வாய்கிழியப் பேசியவர் இவற்றில் ஒன்றையும் சொல்லவில்லை. "வேண்டுமென்றால் கணித வகுப்பில் கழித்துக்கொள்கிறோம், அக்கா" என்றார். மறுத்துவிட்டு வந்தோம்.

பயனீட்டாளரைத் தவறான தகவல் சொல்லிப் பொருளோ சேவையோ வாங்க வைப்பதைப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற நடைமுறை என்கிறது. சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தில் புகார் கொடுத்தோம். சங்கம் எழுதிய கடிதத்துக்கு நிலையம் பதிலே அனுப்பவில்லை. அடுத்து சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் இணையம் வழி விண்ணப்பித்தோம். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அங்கே கொண்டுபோகலாம். 5,000 வெள்ளிக்கு உட்பட்ட கோரிக்கைக்குப் பயனீட்டாளர் கட்டும் கட்டணம் 10 வெள்ளிதான். இரு தரப்பும் வழக்கறிஞர் வைத்துக்கொள்ள முடியாது என்பதால் அச்சப்பட ஒன்றுமில்லை. ரசீது, விளம்பரத்தின் படம், வாட்ஸ்அப் உரையாடல், அந்தப் புத்தகம், புளூபுக் கேள்விகளின் படங்கள் எல்லாவற்றையும் கொண்டுபோனோம். ஒப்புமைக் கேள்விப் பக்கத்தைத் திறந்து வைத்ததும் எதிர்த்தரப்பில் வந்திருந்தவரிடம் சொல்வதற்கு எதுவும் இருக்கவில்லை. மீதி வகுப்புகளுக்கான 1,100 வெள்ளியைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டு தந்தும்விட்டார்கள். போன ஞாயிறுகளை யாரும் திருப்பித் தர முடியாது, அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

வகுப்பில் சேர்ப்பவர்கள் பணம் கொடுப்பதற்கு முன் பாடப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் புரட்டுங்கள். ஒப்புமையோ எதிர்ச்சொல் கேள்வியோ கண்ணில் பட்டால் எழுந்து வந்துவிடுங்கள். கற்பிப்பவர் புளூபுக் தேர்வுகளை வகுப்பில் பயன்படுத்துகிறாரா என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் அதுவே போதும். "உறுதி" என்று யாராவது சொன்னால் அதன் நிபந்தனைகளை அங்கேயே எழுத்தில் கேளுங்கள். காலேஜ் போர்டும் இணையக் கல்வித் தளமான கான் அகாடமியும் சேர்ந்து தரும் பயிற்சி முழுவதும் இலவசம். என் மகள் இப்போது அதைத்தான் செய்கிறாள். புதிய சொல் வந்தால் அது வந்த வாக்கியத்தை முழுதாக நோட்டில் எழுதிக்கொள்கிறாள்.

ஏற்கெனவே இப்படிப் பணம் கட்டி ஏமாந்தவர்கள் ரசீதையும் விளம்பரத்தையும் தூக்கி எறிந்துவிடாதீர்கள். நடுவர் மன்றத்துக்குப் போக இரண்டு ஆண்டுகள் அவகாசம் இருக்கிறது.