குரல் நாணில் தவறிய ஊசிக்கு மறு அறுவை: என் அனுபவம்

தைராய்டு அறுவை சிகிச்சையின்போது இடப்பக்கக் குரல் நாணை இயக்கும் நரம்பு பாதிக்கப்பட்டதால், பேசினாலே காற்று கசியும் நிலைக்கு வந்தேன். அசையாத நாணைப் பருக்கவைத்து நடுப்பகுதிக்குக் கொண்டுவர, ஒரு மருத்துவமனையில் ஊசி மூலம் நிரப்புப் பொருளைச் செலுத்தினார்கள். கசிவு குறைந்தது, ஆனால் தகரத்தைத் தேய்ப்பது போன்ற கரகரப்பு வந்து, எட்டு மாதமாகியும் போகவில்லை.

அடுத்து நான் சென்ற, சென்னையிலுள்ள குரல் சிகிச்சைப் பிரிவில் முதலில் கேட்டது, என்ன பொருளைப் போட்டார்கள் என்பதைத்தான். என் டிஸ்சார்ஜ் சம்மரியில் அது இல்லை. ஹயலூரானிக் அமிலமாக இருந்தால் ஹயலூரானிடேஸ் என்ற நொதியைச் செலுத்திக் கரைக்க முயலலாம்; கால்சியம் ஹைட்ராக்சிஅபடைட் என்றால் அந்த வழி கிடையாது. பழைய மருத்துவமனைக்கு மூன்று முறை அலைந்த பிறகே, தியேட்டர் பதிவேட்டில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரிலிருந்து அது கால்சியம் என்று தெரிந்தது. 1960களில் இதேபோல் நாணில் நிரப்பப்பட்ட டெஃப்லானே பின்னாளில் கட்டிகளாகித் தொல்லை கொடுத்தன என்னும்போது, பொருளின் பெயரை எழுதாமல் விடுவதை எப்படி ஏற்பது?

விட்டுவிட்டு ஒளிரும் வெளிச்சத்தில் நாணின் அதிர்வை மெதுவாகக் காட்டும் ஸ்ட்ரோபோஸ்கோபி பரிசோதனையில், அலைபோல் நகர வேண்டிய மேல்சவ்வு ஓரிடத்தில் விறைத்து நின்றதைத் திரையில் எனக்கே காட்டினார்கள். ஆழத்தில் இறங்க வேண்டிய பொருள், சவ்வுக்கு அடியிலுள்ள மெல்லிய அடுக்கிலேயே தங்கிவிட்டிருந்தது. முழு மயக்கத்தில், வாய்வழியாக உலோகக் குழாயை நுழைத்து, நுண்ணோக்கியின் துணையோடு, அதிரும் விளிம்பைத் தொடாமல் நாணின் மேற்பரப்பில் கீறி, சவ்வை மடல்போல் தூக்கி அதை எடுத்தார்கள். முழுவதையும் சுரண்டினால் அதிரும் அடுக்கே போய்விடும், ஆகவே கொஞ்சம் மிஞ்சலாம், பழைய குரல் அப்படியே திரும்பாது என்று முந்தைய நாளே சொன்ன மருத்துவரின் நேர்மையை நான் அவருடைய கைத்திறனுக்கு இணையாக மதிக்கிறேன்.

குறைகளும் உண்டு. குழாய் அழுத்தியதால் சில நாள் நாக்கு மரத்து, காப்பியின் ருசிகூடத் தெரியவில்லை. இதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. எத்தனை நாள் பேசக்கூடாது என்பதற்கு மருத்துவர் ஒரு கணக்கும் செவிலியர் வேறொரு கணக்கும் சொன்னார்கள். காத்திருப்பும் அதிகம்.

குரல் பயிற்சியோடு இப்போது வகுப்பில் முதல் இரண்டு பீரியடைத் தடங்கலின்றி நடத்துகிறேன். மாலையில் கரகரப்பு எட்டிப்பார்க்கிறது. இம்முறை சம்மரியில் எடுத்தது என்ன, எந்தப் பகுதியில் மிஞ்சியது எது என்று இரண்டு பத்திகளில் எழுதியிருக்கிறார்கள்.