ஜெயித்த பணத்துக்கு முன்கூட்டியே வரி கேட்கும் ஸ்லாட் செயலி: பெங்களூரு தமிழர்கள் கவனத்திற்கு

அல்சூரில் தையல் கடை வைத்திருக்கும் என் தம்பியிடம், படச் சக்கரங்களைச் சுழற்றிப் பணம் வைத்து ஆடும் ஒரு ஸ்லாட் விளையாட்டுச் செயலி 46,000 ரூபாயைப் பறித்துவிட்டது. "அண்ணா, நாமெல்லாம் ஒரே ஊர்க்காரர்கள்" என்று தமிழில் உறவு கொண்டாடித்தான் அவனை உள்ளே இழுத்தார்கள்.

அந்த ஆட்டத்தை அவன் கைபேசியிலேயே பார்த்தேன். ஒரு சுற்றுக்கு 20 வரிசை, வரிசைக்கு ஒரு ரூபாய். ஒரு வரிசையில் படங்கள் ஒன்றுபோல் அமைந்தால் பணம். ஒரே ஒரு வரிசை பொருந்தி 8 ரூபாய் விழுந்தது. உடனே மணி அடித்தது, திரையெங்கும் தங்கக் காசு கொட்டியது, 'வெற்றி' என்று மின்னியது. கையை விட்டுப் போனதோ 12 ரூபாய்! சூதாட்ட விடுதிகளிலுள்ள நவீன இயந்திரங்களும் தோல்வியை இப்படித்தான் வெற்றியாகக் காட்டுகின்றன.

பொத்தானை அழுத்திய நொடியிலேயே கணினி எடுக்கும் ஓர் எண் முடிவைத் தீர்மானித்துவிடும். பிறகு சுழல்வதெல்லாம் காட்சிதான். மூன்று ஏழு சேர வேண்டிய வரிசையில் மூன்றாவது ஏழு ஒரு கட்டம் தள்ளி நின்றால் 'மயிரிழையில் தப்பிவிட்டது' என்று மனம் பதறும். அடுத்த சுற்றுக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. கண்ணில் படும் சக்கரம் ஒன்று, உள்ளே கணக்கு வேறு என்று அமைக்கும் முறைக்கு டெல்னஸ் என்பவர் 1984இலேயே அமெரிக்காவில் காப்புரிமை பெற்றுவிட்டார்.

'95 சதவீதம் திரும்பக் கிடைக்கும்' என்பார்கள். அது நீங்கள் கொண்டுபோன முதலுக்கு அல்ல, சுழற்றும் ஒவ்வொரு ரூபாய்க்கும். 20 ரூபாய் வீதம் மணிக்கு 600 சுற்று ஆடினால் 12,000 ரூபாய் புரள்கிறது. சராசரியாக 600 ரூபாய் அவர்களுக்கு. இதுவும் முறையாகச் சோதித்து உரிமம் கொடுத்த இயந்திரத்தில். இந்தச் செயலியை யார் சோதித்தார்கள்?

தம்பி கட்டிய முதல் 12,400 ரூபாய். கணக்கில் 1,12,000 இருப்பதாகக் காட்டியது. எடுக்கப்போனால், 30 சதவீத வரி 33,600 ரூபாயை முதலில் அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினான். அடுத்து 'சரிபார்ப்புக் கட்டணம்' கேட்டார்கள். மறுத்ததும் கணக்கை முடக்கிவிட்டார்கள். ஒவ்வொரு முறையும் பணம் பெறுபவர் பெயர் வேறு.

வரியைப் பரிசுத் தொகையிலிருந்தே பிடிப்பார்கள். தனியாக அனுப்பச் சொன்னால் அது மோசடிதான். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே சட்டம் நிறைவேற்றியிருக்கிறது. ஏமாந்தவர்கள் உடனே இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். பரிவர்த்தனை எண், கைபேசித் திரையைப் பிடித்த படங்கள் (ஸ்கிரீன்ஷாட்) எதையும் அழிக்காதீர்கள். அந்த ஆட்கள் இப்போது வேறு பெயரில் புதிய குழு தொடங்கி, சேருபவர்களுக்கு 500 ரூபாய் இலவசம் என்று அழைத்துக்கொண்டிருக்கிறார்கள்.