கல்லீரலில் கட்டி என்று பயமுறுத்தி முன்பணம் பறிக்கிறார்கள், ஏமாறாதீர்கள்

கை நடுங்க நடுங்க இதை எழுதுகிறேன். என் நான்கு மாதச் சம்பளம் போய்விட்டது. முன்பணம் திரும்பக் கிடைக்காது என்று இன்று காலைதான் முடிவாகச் சொன்னார்கள்.

வயிற்று வலி. பித்தப்பையில் கல் இருக்குமோ என்று ஸ்கேன் எடுக்கப் போனேன். கல் இல்லை, கல்லீரலின் வலப்பக்கத்தில் 6 செ.மீ. கட்டி என்று ரிப்போர்ட் வந்தது. 'கட்டி' என்ற சொல்லுக்கு மேல் படிக்க எனக்குத் தெம்பு இல்லை. அன்றிரவே, அறுவை சிகிச்சைக்கு ஏற்பாடு செய்து தரும் ஓர் இணையச் சேவைக்கு அதை அனுப்பினேன். பத்தே நிமிடத்தில் அழைத்துவிட்டார்கள்.

"அழாதீர்கள் அக்கா, தம்பி நான் இருக்கிறேன். முதலில் சொல்லுங்கள், சாப்பிட்டீர்களா?" வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாமல் மாடிப்படியில் இருட்டில் உட்கார்ந்திருந்தவளிடம் ஒருவன் சாப்பிட்டாயா என்று கேட்கிறான். அங்கேதான் விழுந்தேன்.

மறுநாள் ஓர் அறுவை நிபுணர் வீடியோவில் வந்தார். நான்கே நிமிடம். "வெடித்தால் உயிருக்கு ஆபத்து. ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்துவிட்டு உடனே வெட்டி எடுத்துவிடலாம்" என்றார். நான் என்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்றுகூடக் கேட்கவில்லை. இன்றே கட்டினால்தான் அறை கிடைக்கும் என்று 'தம்பி' அவசரப்படுத்தினான். நான்கு மாதச் சம்பளத்தை மொத்தமாக அனுப்பினேன்.

அதன் பிறகுதான் கணவரிடம் சொன்னேன். அவர் ரிப்போர்ட்டைக் கடைசி வரி வரை படித்தார். அங்கே அச்சிலேயே இருந்தது: "ஹெமாஞ்சியோமாவாக இருக்கலாம். எம்.ஆர்.ஐ. எடுத்து உறுதி செய்யவும்." ஹெமாஞ்சியோமா என்றால் சாதுவான ரத்தக்குழாய்க் கட்டியாம். அந்த நிபுணர் இந்த வரியைப் படிக்கவில்லையா, படித்தும் மறைத்தாரா?

கல்லீரல் மருத்துவர் ஒருவரிடம் போனோம். அவருடைய முதல் கேள்வியே கருத்தடை மாத்திரை பற்றித்தான். சில ஆண்டுகளாகச் சாப்பிடுகிறேன் என்றேன். அடினோமா என்ற வகைக் கட்டிக்கு அந்த மாத்திரையோடு தொடர்பு உண்டாம். அது ரத்தம் கசியலாம், அபூர்வமாகப் புற்றாகவும் மாறலாம். அதற்கும்கூடப் பெண்களுக்கு முதலில் மாத்திரையை நிறுத்தி, 6 மாதம் கழித்துப் பார்த்து, 5 செ.மீ.க்கு மேல் இருந்தால்தான் பெரும்பாலும் அறுவை. ஆண்களுக்கு என்றால் அளவு பார்க்காமல் எடுத்துவிடச் சொல்வார்களாம்.

எம்.ஆர்.ஐ. எடுத்தார். படத்தைத் திரையில் காட்டினார். ஊசிவழி செலுத்திய மருந்து முதலில் கட்டியின் ஓரத்தில் மட்டும் திட்டுத் திட்டாக ஒளிர்ந்து, பிறகு மெல்ல மெல்ல உள்ளே நிரம்பியது. "ரத்தக்குழாய்க் கட்டி அம்மா. கல்லீரலில் வரும் சாதுவான கட்டிகளில் இதுதான் அதிகம். புற்றாக மாறாது. வெடிப்பது மிக மிக அபூர்வம். பெரிதாகி, ஓயாத வலி கொடுத்தால்தான் அறுவையைப் பற்றியே யோசிப்போம்" என்றார். ஊசி போட்டுச் சதை எடுக்கச் சொன்னதைக் கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது. இந்தக் கட்டியில் ஊசி குத்தினால் ரத்தப்போக்கு வரும் ஆபத்து உண்டு, அதனால் பொதுவாகத் தவிர்ப்போம் என்றார். அந்த ஊசிக்கும் சேர்த்துத்தானே பணம் கட்டியிருந்தேன்!

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். கணக்குப் பிரிவுக்கு அனுப்பியாயிற்று என்றார்கள். பிறகு ஏழு வேலை நாட்கள். பிறகு, அந்தத் தம்பி வேலையை விட்டுவிட்டார். புதிய குரல் என்னை 'மேடம்' என்றது. அறை ஒதுக்கியது ஒதுக்கியதுதான் என்றது. எந்த அறை? எந்த மருத்துவமனை? பதில் இல்லை. நான்கு மாதச் சம்பளம்!

விவரமாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. ரிப்போர்ட்டின் கடைசி வரியைப் படியுங்கள். எம்.ஆர்.ஐ. அல்லது மருந்து செலுத்திய சி.டி. ஸ்கேன் பார்க்காமல் ஊசிக்கோ கத்திக்கோ சம்மதிக்காதீர்கள். 'இன்றே கட்டுங்கள்' என்றால் போனை வைத்துவிடுங்கள். முக்கியமாக, வீட்டில் ஒருவரிடம் சொல்லாமல் பணம் அனுப்பாதீர்கள்.